தமிழ் என்னும் பெயரும் மேலூர் நாவும்

(மேலூரில் தமிழன்பர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



மேலூர்ச் சந்தையில் நின்று செவிகொடுத்துக் கேட்டால், தமிழின் பெயரைத் தமிழர் வாயாலேயே 'தமிள்' என்றும் 'தமிளு' என்றும் கேட்கலாம். வாழைப்பழம் அங்கே 'வாளப்பளம்'. அழகர்கோயில் 'அளகர்கோயில்'. மழை 'மள'. உழவு 'உளவு'. மேலூரை அடுத்த கீழவளவு என்னும் ஊரின் பெயரில் ழகரமும் ளகரமும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஊரார் வாயில் இரண்டும் ஒன்றாகிக் 'கீளவளவு' என ஒலிக்கிறது.

இதனைக் கேட்ட கற்றவர் சிலர், "தம் மொழியின் பெயரையே சொல்லத் தெரியாதவர்கள்" என எள்ளி நகைக்கின்றனர். சிற்றூரிலிருந்து வரும் பிள்ளை பாடத்தை உரக்கப் படித்தால் வகுப்பே சிரிக்கிறது. சிரிப்புக்கு அஞ்சிய பிள்ளை அடுத்த நாள் வாய் திறப்பதில்லை. தமிழ்ப் பாடவேளையில் தமிழ்ப் பிள்ளையின் வாய் மூடிப்போவது சிறிய செய்தியா? ஆகலின், அப்பெயர் எங்கிருந்து வந்தது, அதன் ஈற்றில் நிற்கும் ஒலி யாது, மேலூர் நாவில் அஃது ஏன் மாறிற்று, அம்மாற்றம் இழிவுதானா என்பவற்றை முறையே ஆராய்தல் வேண்டும்.

பெயரின் பழமை

தமிழ் என்னும் பெயரைத் தமிழர் மட்டும் எழுதிவைக்கவில்லை. அயலாரும் தத்தம் நாவுக்கு இயன்றவாறு எழுதி வைத்துள்ளனர். இலங்கையின் பழம்பிராமிக் கல்வெட்டுகளில் அது 'தமேட' எனப் பொறிக்கப்பட்டுள்ளது. பாலி நூல்கள் 'தமிள' என்கின்றன. இன்றும் சிங்களவர் தமிழைக் குறிக்க வழங்கும் 'தெமள' என்னும் சொல் அதன் வழிவந்ததே. கலிங்க மன்னன் காரவேலனின் அத்திகும்பாக் கல்வெட்டில் 'தமிர', 'திரமிர' என வருவதாக அறிஞர் படித்துள்ளனர். உரோமரின் பழைய வழிப்படம் ஒன்று தமிழகத்தைத் 'தமிரிக்கே' என்கிறது. வடமொழியிலோ 'திரமிட', 'திரமிள', 'திரவிட' எனப் பல வடிவங்கள் உள்ளன.

இவற்றை ஒருங்கே வைத்து நோக்குக. முற்பகுதி பெரும்பாலும் ஒத்திருக்கிறது. ஈறு மட்டும் ஓரிடத்தில் டகரம், ஓரிடத்தில் ளகரம், ஓரிடத்தில் ரகரம். ஈற்றெழுத்து இவ்வாறு தடுமாறுவானேன்? மூலத்தில் நின்ற ஒலி அயலாரின் நெடுங்கணக்கில் இல்லாத ஒன்று. இல்லாத ஒலியைச் சொல்ல முயன்றவர் அவரவரிடம் இருந்த அண்மையொலியைப் பெய்துகொண்டனர். 'சோழர்' என்னும் பெயரும் இவ்வாறே பட்டது. அசோகனின் கல்வெட்டு அவர்களைச் 'சோட' என்றது. சோழமண்டலக் கரையை ஐரோப்பியர் 'கோரமண்டல்' என்றனர். முன்னதில் ழகரம் டகரமாயிற்று, பின்னதில் ரகரமாயிற்று.

கால்டுவெல் பெருமகனார் 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டுத் தமிழுக்கு ஆற்றிய தொண்டு மறக்கவொண்ணாதது. எனினும், 'திராவிடம்' என்பதிலிருந்தே 'தமிழ்' வந்தது என அவர் கருதியதனை மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் மறுத்தார். மறுப்பின் வலிமையை ஈறே காட்டும். திரவிடத்தின் டகரம் தேய்ந்து ழகரமாயிற்று எனின், அத்தேய்வு தமிழில் மட்டும் நிகழ, ஏனையோரிடம் ளகரமும் ரகரமும் தோன்றியது எவ்வாறு? ழகரமே மூலம் எனின் எல்லா வடிவங்களும் எளிதில் விளங்கிவிடுகின்றன. மேலும், சொன்முதலில் ரகரம் செருகாத 'தமேட', 'தமிள' என்னும் வடிவங்கள் மிகப் பழையவை. ரகரம் ஏறிய வடிவம் வடமொழியாளர் தம் மொழியின் சாயலுக்கேற்பத் திருத்திக்கொண்டதாதல் வேண்டும்.

பெயரின் பொருள்

இனிச் சொல்லுக்குள் புகுந்து பார்ப்போர் பல விளக்கம் தருவர். பிங்கலந்தை என்னும் நிகண்டு தமிழ் என்பதற்கு இனிமை, நீர்மை என்னும் பொருள்களைக் குறிக்கிறது. ஆனால் இவை மொழிப்பெயர் நிலைபெற்ற பின்னர் அதன்மேல் ஏறிய பொருள்களாகவும் இருக்கலாம். 'அமிழ்து அமிழ்து' என விரைந்து சொன்னால் 'தமிழ்' என ஒலிக்கும் என்பது சுவையான சொல்விளையாட்டு, சொற்பிறப்பு ஆகாது.

செக்கு நாட்டு அறிஞர் கமில் சுவெலபில், 'தம்' என்பதனையும் 'இழ்' என்பதனையும் பிரித்துத் தன்னினின்று விரிந்தொலிப்பது என்னும் கருத்துப்பட விளக்கினார். அமெரிக்க அறிஞர் சவுத்துவொர்த்து 'தம்', 'மிழ்' எனப் பிரித்துத் தம் பேச்சு, தமது மொழி எனப் பொருள் கண்டார். பேசுதலைக் குறிக்கும் 'மிழற்று' என்னும் சொல் இன்றும் இலக்கியத்தில் உண்டாதலின், பின்னைய கருத்துக்கு ஓர் உறுதுணை தமிழுக்குள்ளேயே கிடைக்கிறது. இவ்விரு விளக்கத்திலும் ஒன்று பொது: 'தம்' என்னும் சொல்லே முன்னிற்கிறது. பிறர் இட்ட பட்டத்தை ஏற்காமல், தம்முடையது எனத் தாமே இட்ட பெயர் அது என்பதே இவற்றின் உட்பொருள்.

அயர்லாந்தின் கதை இதற்கு நேர்மாறானது. ஐரியர் தம் மொழியைப் பழங்காலத்தில் 'கோய்தெல்க்' என்றனர். 'கோய்தெல்' என்னும் இனப்பெயரோ அவர்களுடையது அன்று. கடலுக்கு இப்பால் வாழ்ந்த வேல்சு நாட்டார் அவர்களைக் காட்டார் என்னும் கருத்துப்பட அழைத்த சொல். அண்டையார் இட்ட அப்பெயரையே அவர்கள் தம் மொழிக்கும் பெயராக்கிக் கொண்டனர் என்பது மொழிநூலார் முடிபு.

ஈற்றில் நின்ற ஒலி

தொல்காப்பியர் எழுத்துகளின் பிறப்பை உரைக்குமிடத்து, நாவின் நுனி மேனோக்கி வளைந்து அண்ணத்தை வருட ரகரமும் ழகரமும் பிறக்கும் என்றார். லகர ளகரங்களுக்கோ நாவின் விளிம்பு தடித்து மேற்பல்லின் அடியைப் பொருந்துதலைச் சொன்னார். ழகரத்தையும் ளகரத்தையும் இரு வேறு நூற்பாக்களில் வைத்த நுண்மையைக் காண்க. ளகரத்தில் நா மேலே ஒட்டுகிறது. மூச்சு இருபுறமும் கழிகிறது. ழகரத்தில் நா மேலெழுந்து பின் வளைகிறது, எங்கும் ஒட்டுவதில்லை, மூச்சு நடுவே வழிந்தோடுகிறது. ஒட்டாமல் நிற்கும் அந்நிலையே ழகரத்தின் உயிர்.

ழகரம் உலகில் தமிழுக்கு மட்டுமே உரியது என மேடைதோறும் முழங்குவர். அவ்வாறு கூறுதல் உண்மைக்கு மிகை. மலையாளம் இவ்வொலியை இன்றும் செம்மையாகக் காத்துவருகிறது. அமெரிக்கர் ஆங்கிலத்தில் ஒலிக்கும் ரகரமும், சீனத்தின் வடபுலத்துப் பேச்சில் வரும் ஓர் ஒலியும் இதற்கு நெருங்கிய உறவின. தமிழின் பெருமை மிகையால் நிற்பதன்று, உண்மையால் நிற்பது. தமிழர் இவ்வொலியைத் தனியெழுத்தாகக் கண்டு, அதன் பிறப்பை இலக்கணத்தில் வகுத்து, ஈராயிரம் ஆண்டுக்கு மேலாக எழுத்தில் விடாது போற்றிவருகின்றனர் என்பதே சொல்லத்தக்க பெருமை.

மேலூர்க் கல் கூறும் சான்று

ஈராயிரம் ஆண்டு என்பது வாய்ப்பேச்சன்று. சான்று மேலூருக்கு அண்மையிலேயே கல்லில் கிடக்கிறது. மாங்குளம் என ஆய்வுலகம் அறிந்த மீனாட்சிபுரத்து மலைக் குகைத்தளத்தின் எழுத்துகளை 1882-இல் இராபர்ட்டு சீவல் முதன்முதல் கண்டு குறித்தார். அத்தகைய குகையெழுத்துகளின் மொழி தமிழே என்பதனையும், வடபுலத்துப் பிராமியில் இல்லாத சிறப்பெழுத்துகள் அவற்றில் உள்ளன என்பதனையும் க. வே. சுப்பிரமணிய ஐயர் 1924-இல் நிறுவினார். அங்குள்ள பெயர் பாண்டியன் நெடுஞ்செழியனுடையது என 1965-இல் ஐராவதம் மகாதேவன் வெளிப்படுத்தினார். அவற்றின் காலம் கி.மு. 2-ஆம் நூற்றாண்டு என்பது அவர் முடிபு.

அக்கல்லில் செழியன் என்னும் பெயர் ழகரத்தோடு நிற்கிறது. வழுதி என்னும் பெயரும் ழகரத்தோடு நிற்கிறது. அதே கல்லில் துறவியர் தங்கிய பள்ளியைக் குறிக்கும் சொல் ளகரத்தோடு நிற்கிறது. வெள்ளறை என்னும் வணிக ஊரின் பெயரும் ளகரமே பெற்றுள்ளது. உளியெடுத்த கைவினைஞன் ஓரிடத்தேனும் இரண்டையும் மயக்கினானில்லை. இவ்விரண்டு ஒலிகளும் அந்நாளில் இம்மண்ணில் வேறுவேறாக வாழ்ந்தன என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமோ?

இன்னொன்றும் எண்ணத்தக்கது. தொல்காப்பிய உரையாசிரியர் செந்தமிழ் நிலத்துக்கு எல்லை கூறுமிடத்து, வையையாற்றின் வடக்கு, மருதயாற்றின் தெற்கு, கருவூரின் கிழக்கு, மருவூரின் மேற்கு என வகுத்தனர். மேலூர் வையைக்கு வடக்கே இருப்பது. ஆகவே அவர்கள் வரைந்த செந்தமிழ் எல்லைக்குள் அடங்கும் ஊர் இது. செந்தமிழ் நிலத்தின் உள்ளேயே ழகரம் நாவிலிருந்து நழுவிற்று எனின், அதற்குரிய கரணியத்தை மக்களின் அறியாமையில் தேடுதல் பொருந்தாது.

மாற்றத்தின் நெறி

அக்கரணியம் ஒலியின் இயல்பிலேயே உள்ளது. எங்கும் ஒட்டாமல் நாவை வளைத்து நிறுத்துதல் அரிய முயற்சி. விரைந்த பேச்சில் நா எளிய இடத்தை நாடுகிறது. மதுரை முதலாகத் தெற்கேயும் யாழ்ப்பாணத்திலும் நா மேலே ஒட்டிவிட, ழகரம் ளகரமாயிற்று. சென்னையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் நா தாழ்ந்துவிட, ழகரம் யகரமாயிற்று. அங்கே வாழைப்பழம் 'வாயப்பயம்'. எழுந்திரு என்பது பலவிடத்தும் 'எந்திரி' ஆகி, ழகரம் மறைந்தே போயிற்று.

உடன்பிறந்த மொழிகளிலும் இதுவே நிகழ்ந்தது. தமிழின் கோழி கன்னடத்தில் 'கோளி', தெலுங்கில் 'கோடி'. தமிழின் ஏழு கன்னடத்தில் 'ஏளு', தெலுங்கில் 'ஏடு'. கன்னடம் பண்டு ழகரத்துக்குத் தனியெழுத்து வைத்திருந்த மொழி. ஒலி போன பின்னர் எழுத்தையும் கைவிட்டது. கன்னடத்தார் நா எவ்வழிச் சென்றதோ அவ்வழியே மேலூரார் நாவும் சென்றது. மேலூரார் எழுத்தைக் கைவிடவில்லை என்பதே வேறுபாடு.

செய்யுள் வழக்கிலும் இத்தகைய மாற்றம் ஏற்கப்பட்டதுண்டு. பொழுது என்பது 'போது' எனக் குறைந்து இலக்கியத்தில் இடம்பெற்றுள்ளது. நாழியோடு உரி சேர்ந்தால் 'நாடுரி' ஆகும் எனத் தொல்காப்பியரே விதித்தார். ழகரம் நின்ற இடத்தில் அங்கே டகரம் வந்தது. புலவர் வாயில் மாறினால் புணர்ச்சி, உழவர் வாயில் மாறினால் புன்மை என்பது என்ன நடுவுநிலைமை?

மேலூர் உழவன் 'உளவு' என்று சொன்னால், ஒற்றறிதலைச் சொல்கிறான் என எவரும் மயங்குவதில்லை. இடம் பொருளைக் காட்டிவிடுகிறது. ஆயினும் எழுத்தில் இடர் உண்டு. வாழை மரம், வாளை மீன். கிழி என்பது வினை, கிளி என்பது பறவை. வழி என்பது நெறி, வளி என்பது காற்று. கழி கோல், களி மகிழ்ச்சி. செவி வேறுபடுத்தாததனைக் கை வேறுபடுத்தி எழுதவேண்டியிருத்தலின், சிற்றூர்ப் பிள்ளை ஒவ்வொரு சொல்லையும் நினைவில் கொண்டே எழுதவேண்டியிருக்கிறது. நகரத்துப் பிள்ளைக்கு இல்லாத சுமை இது. சுமப்பவனை நகைத்தல் தகுமா?

நகைப்புக்கு அஞ்சுவதால் விளையும் தீங்கும் கண்கூடு. செம்மையாகப் பேச விரும்பிய சிலர், ளகரம் வரும் இடத்திலெல்லாம் ழகரத்தைப் பெய்து, 'அவர்கழ்' என்றும் 'வாழ்க வழமுடன்' என்றும் மேடையில் முழங்குகின்றனர். 'தமிள்' என்பதாவது வழிவழி வந்த இயல்பு வழக்கு. 'வழமுடன்' என்பதோ அச்சம் ஈன்ற பிழை.

எது தூய்மை?

தனித்தமிழ் அன்பர்கள் இங்கே ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நகரத்து மாளிகையில் ஒருவர் ழகரத்தைத் திருத்தமாக ஒலிக்கிறார். ஆனால் அவர் வீட்டில் காலை 'மார்னிங்', சோறு 'ரைசு', தண்ணீர் 'வாட்டர்', பிள்ளைக்கு எண் தெரியும், ஆங்கிலத்தில் மட்டும். மேலூரை அடுத்த சிற்றூரில் ஒருவர் ழகரம் அறியார். ஆனால் அவர் வாயில் மடை உண்டு, கலுங்கு உண்டு, பொலி உண்டு, தொழு உண்டு, வெள்ளாமை உண்டு, மஞ்சுவிரட்டு உண்டு. தொழு 'தொளு' என ஒலிக்கலாம், சொல் தமிழ்ச்சொல்லே. இவ்விருவருள் தமிழைக் காத்தவர் யார்?

1916-ஆம் ஆண்டு தொடங்கி மறைமலையடிகள் வளர்த்த தனித்தமிழ் நெறி சொற்றூய்மையை நோக்கி எழுந்தது. பாவாணர் அரும்பாடுபட்டுச் சொல்லின் வேர் தேடியபொழுது, ஏட்டில் இல்லாத சொற்களுக்கு நாட்டுப்புற வழக்கையே நாடினார். அவர் 1981-இல் உலகத் தமிழ் மாநாட்டுக்கென வந்து, மேலூருக்கு அண்மையிலுள்ள மதுரையிலேயே மறைந்தார். வேர்ச்சொற்களின் கருவூலம் சிற்றூர் மக்களின் வாயாதலின், அவ்வாயை நகைத்து மூடச்செய்தல் கருவூலத்துக்குப் பூட்டிடுதலேயாகும்.

அயர்லாந்து காட்டும் பாடம்

ஐரிய மொழியின் பெயரும் அந்நாட்டில் ஒரே வகையாக ஒலிக்கப்படுவதில்லை. மேற்கே கொன்னாக்குப் பகுதியில் ஏறத்தாழ 'கேல்கெ' என்பர். தெற்கே மன்சுட்டரில் 'கேலின்' என்பர். வடக்கே அல்சுட்டரில் 'கேலிக்' என்பர். சொல்லின் நடுவே பண்டு ஓர் ஒலி நின்றது. அது நாவிலிருந்து எப்பொழுதோ மறைந்தும், எழுத்தில் 20-ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதி வரை நின்றது. பின்னர் எழுத்துத் திருத்தம் அதனை நீக்கிற்று. ஆட்சிமொழிக்கென ஒரு வடிவத்தைத் தேர்ந்தனர். எனினும் தெற்கத்தியான் தன் வழக்கை விட்டானில்லை.

இம்மூவகை ஒலிப்பால் ஐரியமொழி நலிந்ததா? இல்லை. அதனை நலிவித்தவை வேறு. 1831-இல் அரசு நிறுவிய பள்ளிகள் ஆங்கிலத்தில் கற்பித்தன. பிள்ளையின் கழுத்தில் ஒரு கோலைக் கட்டி, அவன் தாய்மொழியில் பேசும்பொழுதெல்லாம் அதில் ஒரு வெட்டு வெட்டி, மாலையில் வெட்டுகளை எண்ணி ஒறுக்கும் வழக்கம் பலவிடத்தும் இருந்தது. 1845-இல் தொடங்கிய பெரும்பஞ்சம் அம்மொழி பேசிய ஏழை உழவரையே மிகுதியும் கொன்றது. எஞ்சியோரைக் கடல் கடத்திற்று. 1893-இல் ஐரியமொழிக் கழகம் தோன்றிற்று. 1922-இல் தன்னாட்சி வந்தது. 1937-இன் அரசமைப்பு அதனை முதல் ஆட்சிமொழி என்றது. இவ்வளவும் வந்தபின்னர், 2022-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் அம்மொழி தெரியும் என்றவர் ஏறத்தாழ 18 இலக்கத்து 74 ஆயிரம் பேர். பள்ளிக்கு வெளியே நாள்தோறும் அதனைப் பேசுவோரோ ஏறத்தாழ 72 ஆயிரம் பேர்தாம்.

சட்டம் மொழிக்குச் சிறப்பளிக்கும், உயிரளிப்பது வீடு. வாயில் வாழும் மொழி பிழையொலியோடும் வாழும். வாயை விட்டகன்ற மொழி செம்மையான எழுத்தோடு ஏட்டில் உறங்கும். அக்கோல் இன்று தமிழ்ப் பிள்ளையின் கழுத்தில் கட்டப்படவில்லை. ஆயினும் தமிழில் பேசினால் தண்டம் என விதித்த ஆங்கிலவழிப் பள்ளிகள் தமிழ்நாட்டிலேயே இருந்ததுண்டு. வகுப்பறை நகைப்பும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோலே.

செய்யத்தக்கன

ஆகலின், ழகரம் வேண்டா என்பதோ, 'தமிள்' என்றே எழுதலாம் என்பதோ இவ்வுரையின் முடிபன்று. எழுத்தில் ழகரம் என்றும் நிற்றல் வேண்டும். எழுத்து நின்றால் ஒலி மீளும் வாயில் திறந்தே இருக்கும். ஒலியைப் பள்ளி கற்பித்தல் வேண்டும். அதற்குத் தண்டமும் நகைப்பும் வேண்டா. நாவை ளகரத்துக்கு உயர்த்தச் செய்து, ஒட்டிய நுனியைச் சற்றே விடுவித்துப் பின்னுக்கு வளைக்கச் செய்தால் ழகரம் தானே பிறக்கும். கீழவளவு என்னும் ஊர்ப்பெயரை நாள்தோறும் பத்துமுறை சொல்லச் செய்தாலே போதும். முதலில் ஒட்டாத நா, அடுத்து ஒட்டும் நா என இரண்டும் ஒரே பெயரில் பழகிவிடும். பிள்ளையின் சொந்த ஊர்ப்பெயரே அவனுக்கு இலக்கணமாகும்.

வீட்டில் அப்பத்தாளும் அப்பாவும் பேசும் பேச்சைப் பிள்ளை இழிவென எண்ணாதவாறு காத்தல் ஆசிரியர் கடன். மேடைக்கும் ஏட்டுக்கும் செந்தமிழ் ஒலிப்பு. வீட்டுக்கும் வயலுக்கும் வட்டார ஒலிப்பு. இரண்டும் ஒரே தாயின் இரு கைகள்.

மூன்றாவது, கல்லைக் காத்தல். மேலூர்ச் சுற்றுப்புற மலைகள் கல்லுடைப்பால் பட்ட பாட்டை ஊரறியும். 2022-இல் அரிட்டாபட்டி தமிழ்நாட்டின் முதற் பல்லுயிர் மரபிடமாக அறிவிக்கப்பட்டது. அதன் பின்னரும் அப்பகுதியை உள்ளடக்கித் தங்குதன் என்னும் கனிமத்துக்குச் சுரங்க ஏலம் விடப்பட்டது. மேலூர்ப் பகுதி மக்கள் திரண்டு எதிர்த்தனர். 2025 சனவரியில் நடுவணரசு அவ்வேலத்தை நீக்கிற்று. அரிட்டாபட்டி மலையிலும் தமிழின் பழைய எழுத்து உண்டு. அதனைக் காக்கத் திரண்ட மக்களுள் எத்தனையோ பேர் 'தமிள்' என்றே ஒலிப்பவர்கள். கல்லிலுள்ள ழகரத்தைக் காத்து நின்றவர்கள் நாவில் ழகரம் இல்லாத அம்மக்களே!

அன்பர்களே, அவர்களுக்கு எழுத்தறிந்தோர் பட்ட கடன் ஒன்றுண்டு. அவர்கள் கல்லைக் காத்துத் தந்தனர். கல்லிலுள்ள ஒலியை அவர்கள் பிள்ளைகளின் நாவில் அன்போடு ஏற்றித் தருதல் எழுத்தறிந்தோர் செய்யவேண்டிய கைம்மாறு. அது முடியுமட்டும், 'தமிள்' என்னும் சொல் செவியில் விழும்பொழுதெல்லாம் அதில் குறையைக் கேளாது, ஈராயிரம் ஆண்டு அறாது பேசிவந்த வாயொன்றின் உரிமையைக் கேட்பீராக.

வாழ்க தமிழ்! வளர்க தமிழ் நாவு!